சத்தம் போடாத டேப்பட்

மெக்கானிக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் யாரும் முதலில் சொல்வது அவர் டேப்பட் வைக்கும் அழகைத்தான். என்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டில் வால்வுகளைத் தட்டித் தட்டித் திறக்கிற சின்னச் சின்ன இரும்புக் கைகள் உண்டு. அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். அதைச் சரிபார்த்து வைப்பதுதான் டேப்பட் வைப்பது. இரும்பு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். ஆகவே குளிர்ந்த என்ஜினுக்கு ஓர் அளவு, சூடான என்ஜினுக்கு வேறோர் அளவு. இடைவெளி கூடிப்போனால் டக் டக்கென்று கத்தும், வேறு பெரிய கெடுதல் இல்லை. குறைந்துபோனால் சத்தமே வராது. ஆனால் வால்வு முழுதாக மூடாமல் நெருப்பு ஒழுகி, உள்ளுக்குள்ளேயே கருகிப் போகும்.

மற்ற பட்டறைக்காரர்கள் வண்டியை ராத்திரி முழுக்க ஆறப்போட்டு, காலையில் என்ஜினைக் கையால் சுற்றி, மெல்லிய தகட்டை இடைவெளியில் நுழைத்துப் பார்த்து வேலையை முடிப்பார்கள். இவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவரச் சொல்வார். மேல்மூடியைக் கழற்றிவிட்டு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் ஸ்க்ரூடிரைவருமாகக் குனிவார். எண்ணெய் முகத்தில் தெறிக்கும். திருகைத் தளர்த்துவார், கத்தும். மெல்ல இறுக்குவார். கத்தல் அடங்கும் அந்த நொடியில் நட்டைப் பூட்டிவிடுவார். தகட்டைத் தொடவே மாட்டார்.

"காது எதுக்கு இருக்கு? கண்ணாடி மாட்டவா?" என்று கேட்பார்.

அந்தக் காதுதான் அவரைக் கைவிட்டது.

ஒரே நாளில் போகவில்லை. மெல்லிய சத்தங்கள் முதலில் போயின. பால் பொங்கும் ஓசை, சாவிக்கொத்து கீழே விழும் ஓசை, கொசு. கொசு போனதில் அவருக்குச் சந்தோஷம்தான். ஊரில் கொசுவே இல்லாமல் போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னார். அவள் கழுத்தைச் சொறிந்துகொண்டே ஆமாம் என்றாள்.

வீடும் பட்டறையும் ஒரே வளாகம். முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். வண்டி கொண்டுவருகிறவர்கள் வாசலில் அவளிடம்தான் சங்கதி சொல்வார்கள். அவள் உள்ளே வந்து, அவருடைய முகத்துக்கு நேராக நின்று, "கிளட்ச் வழுக்குதாம், சாயங்காலத்துக்குள்ள வேணுமாம்" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். சில நேரம் இரண்டு தடவை சொல்வாள். "சொன்னதையே சொல்றது உனக்கு ஒரு பொழப்பாப் போச்சு" என்று அவர் கடிந்துகொள்வார். அவள் சிரித்துவிட்டுப் போவாள். அவருடைய காது மந்தம் என்று ஒருநாளும் அவள் வாய் திறந்து சொன்னதில்லை.

முந்தின வருஷத்து மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மகள் வந்து சில வாரம் இருந்துவிட்டுத் தன் ஊருக்குப் போனாள். அதன் பிறகு வளாகத்தில் அவர் மட்டும்தான்.

வாசலில் நிற்கிறவர்கள் இப்போது நேராக அவரிடமே பேசினார்கள். அவர் காருக்கு அடியில் படுத்தபடியோ, முதுகைக் காட்டியபடியோ "ம்ம், ஆகட்டும்" என்பார். ஒருநாள் பழக்கமான லாரி டிரைவர் வந்து ஏதோ சொன்னார். முகம் வாடியிருந்தது. மெக்கானிக் வண்டியைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். "கவலைப்படாதீங்க, ஒருநாள் விடுங்க, சரி பண்ணிடலாம்" என்றார். டிரைவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். தன் அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லத்தான் டிரைவர் வந்திருந்தார். மறுநாள் டீக்கடையில் யாரோ எழுதிக் காட்டாத குறையாகச் சொன்னபோது மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் கூசியது. துக்கம் விசாரிக்கப் போனார். அங்கேயும் யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்து திரும்பினார்.

டீக்கடையில் உட்காருவதும் நின்றது. பெஞ்சில் எல்லோரும் சிரிக்கும்போது இவரும் சிரிப்பார், ஆனால் கொஞ்சம் பிந்திவிடும். இரண்டு முறை அப்படி ஆனதும், டீயைச் செம்பில் வாங்கிவந்து கொட்டகையிலேயே குடிக்க ஆரம்பித்தார். மனைவி போன பிறகு மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதுவும் அவர் காதில் விழவில்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். முன்பெல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அம்மாகிட்ட பேசு" என்று கைமாற்றிவிடுவார். இப்போது கைமாற்ற ஆளில்லை. போனுக்குள் அவளுடைய குரல் தகரத்தில் மணலைக் கொட்டுவதுபோல் வரும். அதில் 'அப்பா' என்பது மட்டும் புரியும். அவர் ஊகித்துப் பதில் சொல்வார். "சாப்பிட்டேம்மா." "ஆமா, வெயில்தான்." "மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு." ஒரு ஞாயிறு அவள் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவர் வழக்கம்போல், "ஆங், சாப்பிட்டேன், சாப்பிட்டேன்" என்றார். போன் சும்மா இருந்தது. பிறகு வெட்டிக்கொண்டது. அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போனை மேஜைமேல் வைத்து, மணி கேட்காவிட்டாலும் விளக்கு எரிவது தெரியட்டும் என்று அதைப் பார்த்துக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டை முடித்தார். அவளை அவரே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன கேட்பது, கேட்டாலும் வருகிற பதிலை என்ன செய்வது என்று விட்டுவிட்டார்.

இந்த நாட்களில்தான் அவர் வைத்த டேப்பட்டுகள் கத்த ஆரம்பித்தன. அவருக்குக் கத்தல் சீக்கிரமே அடங்கிவிட்டது; வண்டிக்கு அடங்கவில்லை. ஒருவர் திரும்பி வந்தார், பிறகு இன்னொருவர் வந்தார். மூன்றாவதாக வந்தது வேன்காரம்மா.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். பழைய டீசல் வேன் ஒன்று வைத்துக்கொண்டு, ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போகிற நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டு, மறுபடி வீடு சேர்ப்பதுதான் தொழில். வெடுக்கென்று பேசுவாள். அவருடைய மனைவிக்கு ரொம்பச் சிநேகிதம்.

"என்ன அண்ணே, போன வாரம்தான் டேப்பட் வெச்சீங்க. வண்டி கல்லை மென்னுக்கிட்டு ஓடுது. உள்ள இருக்கிறவங்க எல்லாம், ஏம்மா, நாங்க ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உன் வேன் போய்ச் சேந்துரும் போலயேங்குறாங்க."

அவள் பானெட்டைக் காட்டிக் கைகளைத் தட்டி அபிநயமும் பிடித்ததால் அவருக்குப் புரிந்தது. முகம் சுண்டிவிட்டது. மேல்மூடியைத் திறந்தார். ஓடும் என்ஜின்மேல் குனிந்தார். அவருக்குக் கேட்டது ஒரு பொதுவான உறுமல் மட்டும். எங்கே கத்துகிறது, எங்கே அடங்குகிறது என்று பிடிபடவில்லை. தகடு பெட்டியின் அடியில் எங்கோ கிடந்தது. வேன்காரம்மா பக்கத்திலேயே நின்றாள். அவள் எதிரில் பெட்டியைக் கவிழ்த்துத் தகட்டைத் தேட அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு திருகையும் இருந்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் இறுக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று அதற்குமேல் ஒரு பொட்டு இறுக்கினார்.

"இனிமே சத்தமே வராது" என்றார்.

சத்தம் வரவில்லை. வேன்காரம்மா தெருவெல்லாம் புகழ்ந்தாள்.

சில வாரம் கழித்து ஒரு முற்பகல், அந்த வேனை ஒரு லாரி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. வேன்காரம்மாவின் முகம் கன்றியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற மேட்டுச் சாலையில் வண்டி திணறித் திணறி நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர். அதில் ஒரு பெரியவருக்கு நடக்க முடியாது. வெயிலில் நின்று, போகிற வருகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி, அவரைக் குழந்தைபோல் தூக்கி இன்னொரு காரில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவருடைய முறை தவறிப்போய், சாயங்காலம்வரை காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள்.

இதையெல்லாம் அவள் கொட்டகைக்குள் நடந்துகொண்டே சொன்னாள். அவர் புகைபோக்கியின் வாயில் உள்ளங்கையை வைத்து, "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணும்மா" என்றார். என்ஜின் நொண்டியபடி ஓடியது. கையில் சீரான காற்று வரவில்லை. விக்கி விக்கி வந்தது.

"ஹெட்டைக் கழட்டணும். இப்ப முடியாது, சூடா இருக்கு. சூட்டுல கழட்டினா கோணிக்கும். ஆறட்டும்."

பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, வேலை இல்லாத வேலையாகப் பெஞ்சில் கிடந்த ஸ்பேனர்களைத் துடைக்க ஆரம்பித்தார். வேன்காரம்மா பின்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு, "அண்ணே" என்றாள். அவர் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, தண்ணி கிடைக்குமா?" ஸ்பேனர்கள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தன. "அண்ணே, கொட்டகை தீப்பிடிச்சிருச்சு" என்றாள். அவர் ஒரு ஸ்பேனரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

அவள் எழுந்து சுற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள். கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்திருந்தது.

"எவ்வளவு நாளா அண்ணே?"

"என்னது?"

அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஏதோ யோசனையில இருந்தேன்."

"என் மாமியாரும் முதல்ல அப்படித்தான் சொன்னாங்க. ஏதோ யோசனை, ஏதோ யோசனைன்னு. அவ்வளவு யோசிச்சு உலகத்துல ஒரு நல்லதும் நடக்கல." சற்று நிறுத்தினாள். "ஆனா நான் அவங்களைப் பத்தி முணுமுணுத்தா மட்டும் நல்லாக் கேக்கும்."

அவர் சிரிக்கவில்லை. அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியை உதறிப் பெஞ்சில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் கேட்டது தெரிந்தா, தானாகத் தோன்றியா என்று அவளுக்குத் தெரியவில்லை.

என்ஜின் ஆற மத்தியானம் ஆயிற்று. ஹெட்டைக் கழற்றி, பெஞ்சில் கவிழ்த்து, வால்வுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். புகையை வெளியே விடும் வால்வுகளில் மூன்றாவது கையில் வந்ததும் நின்றுவிட்டார். வட்டமாக இருக்க வேண்டிய விளிம்பில், எலி கடித்த ரொட்டிபோல் ஒரு துண்டு இல்லை. சுற்றிலும் வெளிறி, கருகி இருந்தது. அதை அவளிடம் நீட்டினார்.

"இது நான் செஞ்சதும்மா. டைட்டா வெச்சிட்டேன். சத்தம் நின்னுச்சுன்னு நீ சொன்னியே, அது சரியாகி நின்னதில்ல. இது கருகிட்டிருந்திருக்கு."

அவள் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

"தெரியல. எனக்கு எதுவும் கேக்கல. கேக்கலன்னு சொல்ல வாய் வரல."

இதைச் சொல்லி முடித்தபோது அவருடைய குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கு அது தெரியவில்லை. வேன்காரம்மா வால்வைப் பெஞ்சில் வைத்தாள்.

"அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தா, உங்களை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்."

"விடக்கூடாது" என்றார் அவர்.

மறுநாள் லேத் பட்டறையில் கொடுத்து வால்வு உட்காரும் இடத்தைக் கடைந்து, புது வால்வு போட்டு, ஹெட்டைத் திரும்ப மாட்டினார். அதற்கடுத்த நாள் காலையில் வேன்காரம்மா வந்தபோது, கருவிப்பெட்டி தரையில் கவிழ்ந்து கிடந்தது. அவர் அந்தத் தகடுகளைக் கண்டுபிடித்து, துரு போக எண்ணெய் தடவி வைத்திருந்தார்.

என்ஜின் சில்லென்று இருந்தது. கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார். ஒரு வால்வு முழுக்க மூடும் இடம் வந்ததும், குளிருக்கு உண்டான தகட்டை எடுத்து இடைவெளியில் நுழைத்தார். திருகைத் திருப்பிக்கொண்டே தகட்டை இழுத்துப் பார்த்தார். இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, வழுக்கிக்கொண்டு வரவும் கூடாது. விரல்நுனியில் ஒரு சின்னப் பிடி தெரிந்ததும் நட்டைப் பூட்டினார். ஓடும் என்ஜினில் தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை, இப்படிச் செய்ய முற்பகல் முழுக்கப் பிடித்தது. அவர் அவசரப்படவில்லை. விரலுக்குத் தெரிகிற ஒரு விஷயம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்பது அவருக்கே புதிதாக இருந்தது.

எல்லாம் முடிந்து என்ஜினை ஓடவிட்டார். நன்றாகச் சூடேறியதும் நிறுத்தி, சூட்டு அளவுக்கான தகட்டை வைத்து ஒருமுறை சரிபார்த்தார். கை சுட்டது. மறுபடி ஓடவிட்டு, அவளைக் கூப்பிட்டார்.

"சத்தம் எப்படி இருக்கு? மறைக்காம சொல்லு."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "லேசா டிக்டிக்னு இருக்கு. தையல் மிஷின் கணக்கா. தூரத்து வீட்டுல யாரோ தைக்கிற மாதிரி."

"எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியா? ஒரு பக்கம் மட்டும் கூடுதலா இல்லையே?"

"இல்ல. ஒரே மாதிரி."

"அது இருக்கணும்" என்றார். "அது இருந்தாத்தான் நல்லது."

என்ஜினை அணைத்தார். அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். அவர் கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"இன்னொண்ணும் கேட்டுச் சொல்லணும்மா. என் பொண்ணு கொஞ்ச நாளா கூப்பிடல. என்ன கோபம்னு தெரியல. அவ பேசுறது எனக்குப் புரியாது. நீ பேசுறியா?"

வேன்காரம்மா மறுப்பேதும் சொல்லாமல் போனை வாங்கி அழைத்தாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவள் தன்னை யாரென்று சொன்னாள். அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், நன்றாக இருக்கிறார் என்றாள். பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லம்மா, அப்படியில்ல" என்றாள் போனில். "உங்கப்பாவுக்குக் காது கேக்கலம்மா. ஆமா. நிஜமாத்தான். யார்கிட்டயும் சொல்லல. என்கிட்டயே முந்தாநாள்தான் சொன்னார், அதுவும் என் வண்டியைக் கெடுத்துட்டு."

போனைத் தாழ்த்தி, அவருக்கு நேராக நின்று, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

"உங்க பொண்ணு முழுகாம இருக்கா. அஞ்சு மாசம். முதல்ல உங்ககிட்டதான் சொன்னாளாம். அதுக்கு நீங்க, சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னீங்களாம்."

அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வேன்காரம்மா போனை அவர் கையில் திணித்தாள். "அவ பேசுறது கேக்கலன்னா பரவாயில்ல. நீங்க பேசுங்க. அவளுக்குக் கேக்கும்."

"கண்ணு" என்றார். "எனக்கு நீ சொன்னது கேக்கலடா." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மறுமுனையில் மணல் கொட்டியது. அழுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று வேன்காரம்மா பிறகு சொன்னாள்.

மகளும் மாப்பிள்ளையும் அந்த வாரக் கடைசியில் வந்தார்கள். அவள் வாசலில் நின்றதுமே அவருடைய கண் அவள் வயிற்றுக்குப் போனது. உடனே வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார். காது டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பட்டறைச் சத்தத்திலேயே வருஷக்கணக்கில் இருந்ததால் வந்த கோளாறு, திரும்ப வராது, காதில் கருவி வைத்தால் ஓரளவு கேட்கும் என்றார் டாக்டர். கூட வந்து இருந்துவிடுங்கள் என்று மகள் வற்புறுத்தினாள். பட்டறையை விட்டுவிட்டு உங்கள் வீட்டில் நான் என்ன செய்வேன், உன் மிக்சியையா கழற்றிப் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

மகள் வாங்கிக் கொடுத்த காதுக்கருவியை அவர் கொட்டகையில் போடுவதில்லை. ஒரு சுத்தியல் விழுந்தால் மண்டைக்குள் விழுகிறது. டேப்பட் வேலை வந்தால் இப்போது, "வண்டியை ராத்திரி விட்டுட்டுப் போங்க, ஆறணும்" என்கிறார். பழைய ஆட்களில் சிலர் முணுமுணுத்துக்கொண்டு வேறு இடம் போனார்கள். வேன்காரம்மா போகவில்லை; ஆனால் ஒவ்வொரு முறையும் தகட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறாள்.

வேலை முடிந்து குளித்துவிட்டுச் சமையலறைக்குள் வந்ததும் கருவியை மாட்டிக்கொள்வார். முதல் நாள் மாட்டியபோது அவருக்குத் திக்கென்றது. குழாய் சொட்டியது. மின்விசிறி ஒரு பக்கம் உரசியது. பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். சோற்றில் கை வைத்தால் தட்டு நகர்வது கேட்டது. வீடு இவ்வளவு நாள் ஓய்ந்து கிடந்ததற்கு மனைவி போனதுதான் காரணம் என்று அவர் நினைத்திருந்தார். பிறகு காதுதான் காரணம் என்று தேற்றிக்கொண்டார். இப்போது காது வந்துவிட்டது. எல்லாச் சத்தமும் வந்துவிட்டது. அறைக்கு அறை போய் நின்று பார்த்தார். அவள் மட்டும்தான் இல்லை. கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். குரல் இன்னும் தகரம்தான். ஆனால் மணல் இல்லை, வார்த்தை வார்த்தையாக வந்தது.

"உதைக்குதுப்பா. நேத்திலேர்ந்து ஒரே உதை."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். உட்கார்ந்தா கம்மி, படுத்தா ஜாஸ்தி."

அவருக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் கேட்டது அவள் அம்மாதான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.